பெயரும் விலாசமும்

ரொறன்ரோவில் குளிர்காலம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் ஒருவர் முதற்பனி விழுந்த நாளைச் சொல்வார், இன்னொருவர் மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றும் நாளைச் சொல்வார். என் வேலையில் அது செப்ரெம்பர் 15. அன்றைக்கு வெளியில் நல்ல வெயில் எறிக்கும். மேப்பிள் மரம் இன்னும் பச்சையாகவே நிற்கும். ஆனால் நான் வேலை செய்த காலத்தின் பெரும்பகுதியில் மாநகரசபையின் துணைவிதி அந்த நாளைத்தான் குறித்து வைத்திருந்தது. வாடகை வீட்டுக்குச் சூடு கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்றால், செப்ரெம்பர் 15 தொடக்கம் ஜூன் 1 வரை வீட்டுக்குள் 21 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. இந்த ஒரு வரியைத் தெரியாமல் இரண்டு மூன்று குளிர்காலங்களைக் கம்பளிக்குள் கழித்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து ஸ்காபரோவில் குடியமர்வு உதவியாளராகவும், பிறகு சமூகத் தொடர்புப் பணியாளராகவும் இருந்தேன். சம்பளம் தந்த அமைப்புகள் மாறின. வேலை மாறவில்லை. நகரசபை ஒரு சேவையை அறிவிக்கும். அது தேவைப்படுகிறவர் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு பேஸ்மென்டில் இருப்பார். சேவைக்கும் அவருக்கும் நடுவில் மொழி, கூச்சம், பயம், பஸ் காசு எல்லாம் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைப்பதுதான் எங்கள் தொழில்.

பேஸ்மென்டில் இருந்தே தொடங்குகிறேன். எங்கள் தமிழ்ச் சனம் சென். ஜேம்ஸ் டவுனின் உயர்ந்த கட்டடங்களை விட்டு ஸ்காபரோவுக்கு வந்து வீடு வாங்கத் தொடங்கிய காலம். மேலே வீட்டுக்காரக் குடும்பம், கீழே வாடகைக்கு இன்னொரு குடும்பம். இரண்டும் பெரும்பாலும் ஒரே ஊர், சில வேளை சொந்தம். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாற் மேல்மாடிச் சுவரில் இருக்கும். மேலே இருப்பவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகும்போது ஹீற்றைக் குறைத்துவிட்டுப் போவார்கள். கீழே கைக்குழந்தையோடு ஒரு தாய் இருப்பா.

அப்படி ஒரு தங்கச்சி என்னிடம் வந்தது வேறு விஷயத்துக்கு. பிள்ளைக்கு மாறி மாறிச் சளி, எந்த டொக்டரிடம் போகலாம் என்று கேட்டா. வீடு எப்படி என்று விசாரித்தபோதுதான் சூடு பற்றிய கதை வந்தது. நகரசபைக்கு முறையிடலாம் என்றேன். உடனே தலையை ஆட்டினா. "வேண்டாம் அண்ணை. அவை எங்கட ஊர்ச் சனம். நாளைக்கு ஒரு கலியாண வீட்டில முகத்தைப் பாக்கேலாது." அதற்குக் கீழே சொல்லாத பயம் ஒன்றும் இருந்தது. பரிசோதகர் வந்தால் பேஸ்மென்டின் யன்னல் சிறியது, தீ பிடித்தால் வெளியேற வழியில்லை என்று கண்டுபிடிப்பார். ஹீற் வருவதற்கு முன்னால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அந்தப் பயத்தை வீண்பயம் என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. நடந்திருக்கிறது.

இதற்கு நாங்கள் கண்ட வழி சின்னது. டொலர் கடையில் ஒரு தெர்மாமீற்றர் வாங்கிச் சுவரில் மாட்டச் சொல்வோம். காலை, மதியம், படுக்கப் போகும் நேரம் என்று மூன்று தரம் பார்த்து, திகதியும் நேரமும் போட்டுக் கொப்பியில் எழுதச் சொல்வோம். ஒரு கிழமை கழித்து அந்தக் கொப்பியோடு மேல்வீட்டுக்குப் போய்க் கதைப்போம். பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு 21 என்ற எண்ணே தெரியாது. அவர்களும் நேற்றுவரை இன்னொருவரின் பேஸ்மென்டில் குளிரில் கிடந்தவர்கள்தான். எழுதிய தாளைக் கண்டதும் பலர் கூட்டிவிட்டார்கள். சிலர் கூட்டவில்லை. அப்போது அதே கொப்பி நகரசபைப் பரிசோதகரிடம் போகும். அவர் கேட்கிற முதல் கேள்விகள் மூன்று: எத்தனை பாகை, எப்போது, வீட்டுக்காரருக்குச் சொன்னீர்களா? மூன்றுக்கும் பதில் கொப்பியில் இருக்கும். "சரியான குளிர் ஐயா" என்று மட்டும் சொல்லும் முறைப்பாடு பரிசோதகர் வரும் நாளில் வெயில் எறித்தால் செத்துவிடும். எழுதிய எண்ணுக்கு உயிர் இருக்கும்.

அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. அங்கே நிறுவனம் ஒன்று, சூப்பரின்டென்டன்ட் ஒருவர், கீழ்த்தளத்தில் ஒரு பொய்லர். 2017இல் ரென்ற்சேஃப் திட்டம் வந்தபின், மூன்று மாடியும் பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்கள் நகரசபையிடம் பதிவுசெய்ய வேண்டும், லொபியில் அறிவித்தல் பலகை வைக்க வேண்டும், குடியிருப்பவர் கேட்ட திருத்தங்களைப் பதிந்து வைக்க வேண்டும் என்றானது. அந்தப் பலகை எங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் பலகையைப் பார்ப்பேன். நேர்த்தியாக இருந்தால் உள்ளே நிர்வாகமும் கொஞ்சம் நேர்த்தியாக இருக்கும்.

இனி, பனி. 1998 ஜனவரி 1ஆம் திகதி ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க், பழைய ரொறன்ரோ எல்லாம் ஒரே மாநகரமாக இணைக்கப்பட்டன. அதற்கு முன்னால் ஸ்காபரோவுக்கென்று தனி நகரசபை, தனி வண்டிகள், தனிப் பழக்கங்கள். நடைபாதைப் பனியை இங்கே நகரசபை இயந்திரமே தள்ளும். பழைய ரொறன்ரோவின் நெருக்கமான தெருக்களில் அப்போது அப்படியில்லை. வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையை வீட்டுக்காரர்தான், பனி நின்று 12 மணித்தியாலத்துக்குள், வழித்துவிட வேண்டியிருந்தது. நகரங்கள் ஒன்றாகின, பழக்கங்கள் ஒன்றாகவில்லை. சென். ஜேம்ஸ் டவுன் பக்கமிருந்து ஸ்காபரோவுக்கு வந்தவர்கள் அபராதம் வரும் என்று விடிய எழும்பி நடைபாதையை வழித்தார்கள். ஸ்காபரோவிலிருந்து அந்தப் பக்கம் போனவர்கள் வண்டி வரும் என்று காத்திருந்தார்கள். நடைபாதை வழிக்கும் சேவை ஏறத்தாழ முழு நகரத்துக்கும் விரிந்தது 2021–22 குளிர்காலத்தில்தான். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வரி கட்டும் நகரத்தில், ஒரு முதியவர் விழுவதும் விழாததும் அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்திருந்தது.

இணைப்பு நடந்து ஒரு வருடத்தில், 1999 ஜனவரியில், அந்தப் பெரும்பனி வந்தது. ஒன்று ஓய முன்னர் அடுத்தது. அள்ளிப் போட இடமில்லாமல் தெருவோரம் ஆளுயரத்துக்குப் பனிச்சுவர். மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். கனடாவின் மற்ற நகரங்கள் அதற்காக இன்றைக்கும் ரொறன்ரோவைக் கேலி செய்கின்றன. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. டயலிசிஸுக்குப் போகவேண்டியவர் வாசலைத் தாண்ட முடியாமல் இருந்ததையும், அம்புலன்ஸ் தெருமுனையில் நின்று ஸ்ற்றெச்சர் நடந்து வந்ததையும் பார்த்தவர்களுக்கு, உதவி எந்தச் சீருடையில் வந்தாலும் உதவிதான்.

ஆனால் அந்தச் சீருடையை வேறு மாதிரிப் பார்த்த கண்களும் இருந்தன. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மகன் போன் எடுத்தார். தொலைக்காட்சியில் ரொறன்ரோத் தெருவில் ஆமி இறங்கியதைக் கண்ட அவருடைய அம்மா யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டா, லைற் போட விடுகிறா இல்லை. வந்து வருடமாகவில்லை அவ. மகன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வயதில் அவவுக்குச் சரியான ஒரு அம்மாவை எங்கள் தொண்டர்களிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். அவ இராணுவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. தேத்தண்ணி போட்டுக் குடித்து, ஊர்க்கதை கதைத்து, எழும்பிப் போய்த் திரையை விலக்கிவிட்டா. யன்னலுக்கு வெளியே ஒரு பையன் பனி அள்ளிக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் என் வேலையின் பெரிய தடை எது என்று எனக்குத் தெளிவானது. நகரசபையின் ஒவ்வொரு நல்ல சேவையும் இரண்டு கேள்வியோடு தொடங்கும்: உங்கள் பெயர் என்ன, விலாசம் என்ன? கொழும்பில் தங்கியிருந்த தமிழர் தங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதியவேண்டி இருந்தது. பதிந்த தாள் எப்போது, எதற்காகத் திறக்கப்படும் என்று யாருக்கும் தெரியாது. பதியாமல் விட்டாலும் ஆபத்து. அந்தப் பதிவுகளிலிருந்து தப்பி வந்தவர்களிடம், "65 வயதுக்கு மேற்பட்டவர்கள் பெயரைப் பதிந்தால் உங்கள் நடைபாதையை நாங்கள் வழிப்போம்" என்ற படிவத்தை நீட்டினால் என்ன நடக்கும்? பழைய நகரப் பகுதியில் இருந்த ஒரு வயோதிபத் தம்பதி அந்தப் படிவத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்கள். குளிர்காலம் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. எழுபது தாண்டிய அந்த ஐயா, இதயத்துக்கு மருந்து எடுப்பவர், தானே பனி அள்ளினார்.

கொட்டிய பனி ஈரமாக இருந்தால் என்ன பாரம் என்பது அள்ளியவருக்குத்தான் தெரியும். குளிரில் இரத்தக்குழாய் சுருங்கும், பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்புக்கு இதைவிட வேறு ஒன்றும் தேவையில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் இதைக் காதில் வாங்க வேண்டியவர், மற்றவரிடம் உதவி கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிற அப்பாதான்.

இரண்டாவது பயம் ஸ்பொன்சர் பற்றியது. பிள்ளைகள் பெற்றோரைக் கூப்பிடும்போது, இத்தனை வருடத்துக்கு இவர்கள் செலவு எங்கள் பொறுப்பு என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். நெடுங்காலம் அது பத்து வருடம், 2014இல் இருபதாக்கினார்கள். அந்தக் காலத்துக்குள் பெற்றோர் வெல்ஃபெயர் எடுத்தால், அதைப் பிள்ளைதான் திருப்பிக் கட்டவேண்டி வரும். இது உண்மை. ஆனால் எங்கள் வயோதிபர்கள் அதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிட்டார்கள். சமூக நிலையத்தில் இலவச உடற்பயிற்சி, நூலக அட்டை, காய்ச்சல் தடுப்பூசி, குளிர் ஏறும்போது திறக்கும் வெப்ப நிலையம் எதைச் சொன்னாலும், "மகனுக்கு பில் போகாதோ தம்பி?" என்பதே முதற்கேள்வி. போகாது. நூலகமும் ஸ்கேற்றிங் தளமும் வெல்ஃபெயர் கணக்கில் சேராது. இந்த ஒரு வசனத்தை நான் சொல்லாத வாரம் இல்லை. இதை எழுதி ஒட்டினால் நம்ப மாட்டார்கள். தங்களைப் போல ஸ்பொன்சரில் வந்த இன்னொருவர் ஒரு வருடம் போய்வந்து, மகனுக்கு ஒன்றும் வரவில்லை என்று தன் வாயால் சொல்லவேண்டும்.

2009இல் நகரசபைச் சேவைகளுக்கெல்லாம் ஒரே தொலைபேசி எண்ணாக 311 வந்தது. அதற்கு முன்னால் தெருவிளக்கு ஒரு இலாகா, பனி ஒரு இலாகா, வீட்டுச் சூடு இன்னொன்று. தொலைபேசிப் புத்தகத்தின் நீலப் பக்கங்களில் சரியான எண்ணைக் கண்டுபிடிப்பதே ஒரு திறமையாக இருந்தது. அந்தத் திறமைக்காகத்தான் எங்களை வேலைக்கு வைத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். 311 அந்தச் சுமையை இறக்கியது. இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் எடுப்பார். தமிழ் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைப்பார்கள்.

நாங்கள் சனத்துக்கு இதைப் பழக்கிய விதத்தில் இரண்டு விஷயம் முக்கியம். கதைத்து முடித்தபின் கோரிக்கை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் போனை வைக்கக்கூடாது. கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போனால் கோபத்துக்குப் பெறுமதி இல்லை, அந்த எண்ணுக்குத்தான் பெறுமதி. மற்றது, நகரசபை எந்த ஒழுங்கில் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு கூப்பிடவேண்டும். முதலில் நெடுஞ்சாலை, பிறகு பெருந்தெரு, பஸ் ஓடும் தெரு. குடியிருப்புத் தெருவுக்கு வண்டி வருவது கடைசியில், அதுவும் 8 சென்ரிமீற்றர் அளவு விழுந்தால்தான் என்பது பல காலம் இருந்த நடைமுறை. பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டு, "ஏன் இன்னும் வரவில்லை" என்று ஏசுபவரின் முறைப்பாடு பதிவாகவே மாட்டாது. ஓய்ந்து ஒரு நாள் கழித்து, தெருப்பெயரோடும் வீட்டு எண்ணோடும் அமைதியாகச் சொல்பவரின் முறைப்பாடு பதிவாகும்.

2013 டிசெம்பர் 21 இரவு தொடங்கிய உறைமழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பனி விழுந்தால் தள்ளலாம். உறைமழை விழுந்தால் கிளை, கம்பி, கைப்பிடி, படி எல்லாவற்றின் மேலும் கண்ணாடி போல் ஐஸ் படிந்துவிடும். மரங்கள் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. ரொறன்ரோ ஹைட்ரோவின் ஏறத்தாழ 3 இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. சிலருக்கு நத்தார் கழிந்தும் வரவில்லை.

தனிவீட்டில் மின்சாரம் இல்லையென்றால் குளிர். பதினாலாம் மாடியில் மின்சாரம் இல்லையென்றால் குளிரோடு இன்னும் நாலு விஷயம். லிஃப்ட் இல்லை. பம்ப் நின்றால் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறாது. வாசல் பஸர் வேலை செய்யாது, பார்க்க வந்த பிள்ளை கீழே நிற்பது மேலே இருக்கிற தாய்க்குத் தெரியாது. படிக்கட்டில் இருட்டு. நகரசபை சமூக நிலையங்களில் சூட்டு இடங்கள் திறந்தது. படுக்க இடம், சூடான சாப்பாடு, போன் சார்ஜ் பண்ண வசதி எல்லாம் இருந்தது. ஆனால் அது திறந்திருக்கிறது என்ற செய்தி இணையத்திலும் தொலைக்காட்சியிலும் போய்க்கொண்டிருந்தது. அவை இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தவை தமிழ் வானொலிகள். காருக்குள் போய் உட்கார்ந்து வானொலி கேட்ட சனம் மேலே ஏறிப்போய் மற்றவர்களுக்குச் சொன்னது.

அந்த நாட்களில் என்னை நித்திரை கொள்ளவிடாத விஷயம் கரி அடுப்பு. கோடைக்குப் பால்கனியில் வைக்கும் பாபிகியூவைச் சிலர் குளிருக்காக உள்ளே கொண்டுவந்து மூட்டினார்கள். ஊரில் கரி அடுப்பு புதிய சாமான் இல்லை. ஆனால் ஊர்க் குசினிக்கு ஓட்டுக்கூரை, திறந்த யன்னல், புகை போக வழி. இங்கே காற்றே புகாதபடி அடைத்துக் கட்டிய வீடு. கரி எரிந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தலை சுற்றும், நித்திரை வரும், எழும்ப மாட்டார்கள். அந்தக் கிழமையில் தீயணைப்புப் படைக்கு இப்படியான அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ரோச் லைற்றோடு படியேறி, மாடி மாடியாகக் கதவு தட்டினோம். கதவு திறந்ததும் முதலில் கேட்டது, "உள்ளே ஏதாவது எரியுதோ?" என்பதுதான். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு.

எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பது அடுத்த பிரச்சினை. ஒக்சிஜன் வைத்திருப்பவர், தனியே இருப்பவர், நடக்க முடியாதவர் எந்த மாடியில் என்று யாரிடமும் பட்டியல் இல்லை. நிர்வாகத்திடம் வாடகைப் பட்டியல்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் மாடியில் ஒரு அம்மம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த வீட்டில் யாருக்குச் சீனி வருத்தம், யாருடைய மகள் மொன்றியல் போயிருக்கிறா, யார் காது கேளாதவர் என்று அவ விரல் மடித்துச் சொன்னா. பக்கத்துத் தமிழ்க் கடையில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற தம்பி மிச்சத்தைச் சொன்னார். இந்த இருவரின் வாய்மொழியை வைத்துத்தான் அன்று வேலை நடந்தது.

அடுத்த ஒக்ரோபரிலிருந்து சில கட்டடங்களில் பட்டியல் எழுதத் தொடங்கினோம். முதல் முயற்சியில் பெயர் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. பழைய பயம்தான். பிறகு ஒரு மாற்றம் செய்தோம். பட்டியல் எங்கள் அலுவலகத்துக்கும் போகாது, நகரசபைக்கும் போகாது. அந்தக் கட்டடத்திலேயே, அவர்கள் நம்புகிற ஒரு குடியிருப்பாளரின் வீட்டு லாச்சிக்குள் இருக்கும். மின்சாரம் நின்றால், தீ அபாயம் வந்தால் மட்டும் எடுக்கப்படும். வசந்தம் வந்ததும் எல்லார் முன்னாலும் கிழிக்கப்படும். பெயர்கள் வந்தன. எந்த அரசாங்கக் கையேட்டிலும் இந்த முறையை நான் காணவில்லை. இதைவிட நன்றாக வேலை செய்த ஒன்றையும் நான் காணவில்லை.

குளிர்காலம் என்றால் ஆபத்து மட்டும் இல்லை, நீளமும்தான். டிசெம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம், பிள்ளைகள் வேலை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நாலு சுவருக்குள் இருக்கிற ஒரு அம்மாவின் மனம் எப்படி இறுகும் என்பதை எந்தத் தெர்மாமீற்றரும் காட்டாது. அவர்களுக்காகத்தான் நான் சமூக நிலைய வகுப்புகளுக்குப் பின்னால் ஓடினேன். நகரசபையின் குளிர்கால வகுப்புகளுக்குப் பதிவு காலை ஏழு மணிக்குத் திறக்கும். நீச்சல், ஸ்கேற்றிங் போன்றவை சில நிமிடங்களில் நிரம்பிவிடும். கணினி வைத்திருக்கிற, ஆங்கிலம் தெரிந்த, முதல்நாளே வகுப்பு இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கிற குடும்பத்துக்கு இடம் கிடைக்கும். இரவு வேலை முடித்து ஏழு மணிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிற தாய்க்குக் கிடைக்காது. வருமானம் குறைந்தவர்களுக்கு வெல்கம் பொலிசி என்ற கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் அதற்குப் பதிவு நாளுக்கு வாரக்கணக்கில் முன்னரே விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆகவே எங்கள் வேலை ஒக்ரோபரிலேயே வருமானப் பத்திரங்களைச் சேர்ப்பது. பதிவு நாளில் அலுவலகத்தை ஆறரைக்குத் திறந்து, கணினிக்கு ஒரு குடும்பமாக உட்காரவைப்பது. பிற்காலத்தில் சில நிலையங்களில் எல்லா வகுப்பும் எல்லாருக்கும் இலவசம் என்று ஆக்கினார்கள். வருமானத்தை நிரூபிக்கச் சொல்லாத அந்த முறையே சரி என்பது என் உறுதியான எண்ணம். ஏழை என்று தாளில் காட்டினால்தான் பிள்ளை நீந்தலாம் என்றால், மானமுள்ள தகப்பன் பிள்ளையைக் கூட்டிவர மாட்டார்.

வெளியில் உள்ள ஸ்கேற்றிங் தளங்களுக்குக் காசில்லை. ஸ்காபரோ சிவிக் சென்ரருக்கு முன்னால் அல்பேர்ட் கம்பெல் சதுக்கத்தில் எங்கள் பிள்ளைகள் விழுந்து எழும்பிப் பழகியதைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். முதியவர்களுக்கு நடைதான் மருந்து, நடக்க வழுக்காத இடம்தான் தேவை. காலையில் மோலுக்குள் கூட்டமாக நடக்கும் குழுக்கள் உருவானது அப்படித்தான். நடந்து முடித்து நூலகத்துக்குப் போய்த் தமிழ்ப் பத்திரிகையும் புத்தகமும் எடுப்பார்கள். 2022இல் ரொறன்ரோ நூலகம் பிந்திக் கொடுக்கும் அபராதத்தை நீக்கியபின், பனிக்காக ஒரு கிழமை பிந்தினாலும் பயப்படாமல் திரும்பி வந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வீடே இல்லாதவர்கள் இருந்தார்கள். 1987இல் சகோதரி சூசன் மோரனும் பள்ளி மாணவர்களும் தொடங்கிய 'அவுட் ஒவ் த கோல்ட்' திட்டம் பல தேவாலயங்களுக்கும் யூதக் கோயில்களுக்கும் பரவி, கிழமைக்கு ஒரு இரவு ஒரு இடம் என்று படுக்கை கொடுத்தது. 1996இன் தொடக்கத்தில் ரொறன்ரோத் தெருக்களில் மூன்று ஆண்கள் குளிரில் இறந்து, மரண விசாரணை நடந்தபின்தான் கடுங்குளிர் எச்சரிக்கை ஒரு ஒழுங்குக்கு வந்தது. பல வருடங்களுக்கு அந்த எல்லை மைனஸ் 15. அதற்குக் கீழே போனால்தான் கூடுதல் இடங்கள் திறக்கும். தெருத் தாதிகள் இதை எதிர்த்து ஓயாமல் கத்தினார்கள். நனைந்த உடுப்போடு இருக்கிறவனுக்கு மைனஸ் 2 போதும் சாவதற்கு. கடைசியில் எல்லையை மைனஸ் 5க்கு உயர்த்தினார்கள், ஸ்காபரோ சிவிக் சென்ரரிலும் வெப்ப நிலையம் திறந்தது. அங்கே எங்கள் சனமும் உண்டு. அதை ஒளிக்கக் கூடாது. குடும்பத்தோடு முறிந்தவர்கள், அகதிக் கோரிக்கை முடியாத இளைஞர்கள், வேலை இருந்தும் அறை எடுக்க முடியாதவர்கள். எல்லையே வேண்டாம், நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை கதவு திறந்தே இருக்கட்டும் என்று நான் கேட்கிறேன். இன்று இரவு மைனஸ் 4 என்பதால் மூடியிருக்கிறது என்று ஒருவனிடம் சொல்லவேண்டிய வேலையை எந்த ஊழியருக்கும் கொடுக்கக் கூடாது.

2025 பெப்ரவரியில் ஒரு கிழமைக்குள் அடுத்தடுத்து வந்த பனி அரை மீற்றருக்கு மேல் கொட்டியது. பெருந்தெருக்கள் திறந்தன. நடைபாதைகள் நாட்கணக்கில் கிடந்தன. சக்கர நாற்காலிக்காரர், தள்ளுவண்டித் தாய்மார், கோல் ஊன்றுபவர்கள் காரோடும் தெருவில் இறங்கி நடந்தார்கள். பணி முடிந்ததாக அறிக்கை சொன்னதும் தெருவில் கண்டதும் ஒத்துவரவில்லை. நகரசபை முழுக் குளிர்காலச் சேவையையும் மீளாய்வு செய்யவேண்டி வந்தது. முப்பது வருடத்தில் வண்டிகள் நவீனமாகின, ஒவ்வொன்றும் எங்கே ஓடுகிறது என்று திரையில் பார்க்கலாம். ஆனால் முதலில் கார், பிறகு கால் என்ற ஒழுங்கு மாறவில்லை. ஸ்காபரோவில் 2023இல் ஆர்.ரி. ரயிலும் நின்றுபோய், எல்லாரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற காலம் இது. பஸ் ஓடும் தெருவை வழிக்கும் வண்டி, வழித்த பனியைத் தரிப்பிடத்தின் வாசலில் வரம்பு கட்டிவிட்டுப் போகிறது. பஸ் வந்து நிற்கும், கதவு திறக்கும், ஏறவேண்டியவர் வரம்புக்கு இந்தப் பக்கம் நிற்பார்.

இந்த வரம்பைப் பற்றிச் சொல்வதற்காக முன்னொரு வருடம் ஒரு அம்மா நகரசபை வரவுசெலவுக் கூட்டத்துக்கு வந்தா. ஜனவரியில் அந்தக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம், ஒருவருக்குச் சில நிமிடம். பேசுபவரின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும் என்று முதலே சொல்லிவிட்டேன். அவ கொஞ்சம் யோசித்தா. "அப்ப முழுப்பேரையும் போடச் சொல்லு தம்பி, வேறை ஆரெண்டு நினைச்சிடுவினம்" என்றா. தமிழில் பேசினா, நான் மொழிபெயர்த்தேன். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. தன்னுடைய தரிப்பிடம் எது, எந்தத் திகதிகளில் வரம்பு இருந்தது, எத்தனை பஸ்ஸை விடவேண்டி வந்தது, 311 கொடுத்த கோரிக்கை எண்கள் எவை என்று கொப்பியைப் பார்த்து வாசித்தா. கவுன்சிலர் ஒருவர் அந்த எண்களை மறுபடி சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த குளிர்காலம் அந்தத் தரிப்பிடம் நேரத்துக்கு வழிக்கப்பட்டது. அதற்கு அடுத்த தரிப்பிடத்தில் ஏறுகிற அவவின் சிநேகிதி இப்போது ஒரு கொப்பி வாங்கியிருக்கிறா.